ஸ்டாப்பர் பையன், ஆறரை லட்சம், ஸ்பெயின்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோரிப்பாளையத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போகிற ஆள், இன்றைக்குத்தான் முதல் இழை.

அக்கா மகனைப் பற்றியது. பிளஸ் டூ படிக்கிறான், பதினெட்டு முடிய இன்னும் ஏழு மாதம். ஃபுட்பாலில் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று எதிராளியைத் தடுக்கிறவன். இடது கால் ஆட்டக்காரன். ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. காலை ஐந்தரைக்கு ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் இறங்கினால் ஏழரை வரைக்கும் ஓட்டம், அப்புறம் பள்ளிக்கூடம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், எனக்கு இதில் ஒன்றும் பிடிபடாது. ஆனாலும் எதிர் டீம்காரர்கள் இவன் நிற்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கமாகவே பந்தைக் கொண்டுபோகிறார்கள் என்பது எனக்கே தெரிகிறது.

போன மாதம் ஒரு டோர்னமென்ட்டில் ஒருவர் வந்து பேசியிருக்கிறார். ஏஜென்ட் என்கிறார். ஸ்பெயினில் ஓர் அகாடமி, பத்து மாதம், போனதுமே அங்கே லீக்கில் இறக்கி, அப்படியே கிளப்பில் கையெழுத்து வாங்கித் தருவாராம். மொத்தம் ஆறரை லட்சம், பாதி இந்த மாதக் கடைசிக்குள். மச்சானுக்குச் செல்லூரில் நான்கு தறி, அவ்வளவுதான் சொத்து. அக்கா சங்கிலியைக் கழற்றத் தயாராக இருக்கிறாள். "இந்திய டீம் ஸ்டாப்பர் ஜிங்கனே குரோஷியா போய் ஆடினார், உங்கள் பையன் போகக் கூடாதா?" என்று அந்த ஆள் கேட்ட கேள்வியில் மச்சான் விழுந்துவிட்டார்.

பையன் வாயே திறக்கவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

ஜிகர்தண்டா:

ஜிங்கன் குரோஷியா போனார், வாஸ்தவம். எத்தனை மேட்ச் ஆடினார் என்று அந்த ஆளிடம் திருப்பிக் கேளுங்கள். ஒன்றுகூட இல்லை.

ஸ்டாப்பர் நம்பர் 5:

மேலே சொன்னது உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்த மனுஷனுக்கு அநியாயம். முழுக்கதையும் கேளுங்கள் அண்ணே, உங்கள் மச்சானுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சந்தேஷ் ஜிங்கன் சண்டிகர்ப் பையன், 1993-ல் பிறந்தவர். முதலில் கோல் அடிக்கிற இடத்தில் ஆடி, அப்புறம் பின்னால் வந்தவர். 2011 வாக்கில் யுனைடெட் சிக்கிம் கிளப்புக்கு அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் இரண்டாம் டிவிஷனில் ஆடினார். அங்கிருந்து மும்பை. 2014-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியபோது கேரளா பிளாஸ்டர்ஸ், முதல் சீசனிலேயே வளரும் வீரர் விருது. 2015-ல் இந்தியச் சட்டை. 2019 அக்டோபரில் முழங்கால் லிகமென்ட் போய் அந்த சீசன் மொத்தமும் வீடு. திரும்பி வந்து கொல்கத்தாவின் மோகன் பகான் பக்கம் ஒரு நல்ல சீசன். அதற்குப் பிறகுதான் 2021 ஆகஸ்டில் ஷிபெனிக் என்கிற குரோஷிய முதல் டிவிஷன் கிளப் கூப்பிட்டது. அப்போது வயது 28. போன இடத்தில் களத்தில் இறங்குமுன்பே காயம். சீசன் பாதியில் ஜனவரி மாதம் கொல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார். அப்புறம் பெங்களூரு, கோவா என்று இங்கே பழையபடி ஆட்டம்.

அந்த ஏஜென்ட் சொல்லாமல் விட்டது இதைத்தான். வெளிநாடு போகுமுன் பத்து வருஷம் இங்கே பெரிய ஆட்களோடு முட்டிமோதியவர் அவர். கிளப் தேடி வந்து கூப்பிட்டது. அவர் காசு கட்டிப் போகவில்லை.

அப்புறம், இடது கால் ஸ்டாப்பர் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் பதிவிலேயே பெரிய விஷயம் அதுதான். இரண்டு ஸ்டாப்பரில் இடது பக்கம் நிற்பவனுக்குக் கோல்கீப்பரிடமிருந்து பந்து வரும். வலது கால்காரன் என்றால் பந்தை உள்ளே இழுத்துத்தான் அடிக்க முடியும், அதற்குள் எதிராளி மேலே விழுந்துவிடுவான். இடது கால்காரன் உடம்பைத் திறந்து, கோடு ஓரமாக விங்குக்கு ஒரே தட்டில் கொடுத்துவிடுவான். அந்த ஒரு விநாடிக்குத்தான் விலை. அப்படிப்பட்ட பையன் தமிழ்நாட்டுக்குள்ளேயே நான்கு இடத்தில் தேர்வுக்குப் போகலாம். போனானா?

கோரிப்பாளையத்தான்:

மாவட்ட டீமில் இருக்கிறான். சென்னைக்கு ஒரு தடவை தேர்வுக்குப் போனான், அன்றைக்குக் காய்ச்சல். அதோடு யாரும் கூட்டிப்போகவில்லை. எங்கள் தப்புதான்.

தெப்பக்குளம்:

நம்பர் 5 அண்ணன் சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. பத்து வருஷம் இங்கே ஆடிவிட்டு 28-ல் போ என்றால், போன உடம்பு எப்படித் தாங்கும்? போவதானால் சின்ன வயதில் போகணும். இந்திய கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் 2014-ல் நார்வேயில் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனபோது வயது 22. பெஞ்சில் உட்கார்ந்தார், காத்திருந்தார், 2016-ல் ஐரோப்பியக் கிளப்புகள் மோதுகிற யூரோப்பா லீக்கின் தகுதிச்சுற்றில் இறங்கினார். இந்தியர்களில் முதல் ஆள். கோல்கீப்பருக்கு முடிந்தது ஸ்டாப்பருக்கு முடியாதா?

இங்கே இருந்து மட்டும் என்ன கிடைக்கப் போகிறது? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். லீக்கையே நிறுத்திவைத்தார்கள். லீக்கை நடத்துகிற ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத சண்டையில் சீசன் எப்போது தொடங்கும் என்று தெரியாமல், சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர். அதைப் பார்த்த எந்தத் தகப்பனும் வெளியே அனுப்பத்தான் நினைப்பான்.

ஸ்டாப்பர் நம்பர் 5:

தம்பி, குர்ப்ரீத் போகுமுன் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் இருந்தவர். நான் 28 வரை காத்திரு என்று சொல்லவில்லை. ஆளைக் கிளப் கூப்பிடணும், ஆள் கிளப்பைக் கூப்பிடக் கூடாது என்கிறேன். சம்பள விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விசில் ஊதுபவன்:

நான் மாவட்ட அளவில் ரெஃப்ரியாக ஓடுகிறவன். திறமை, கனவு எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு விதிப்புத்தகத்தைப் பார்ப்போம். இந்தக் கதை அங்கேயே முடிந்துபோகிறது.

ஃபிஃபாவின் வீரர் பரிமாற்ற விதிகளில் 19-ஆவது விதி, மைனர்களைப் பற்றியது. பதினெட்டு ஆகாத பையனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக் கூடாது. சில விலக்குகள் உண்டு: பெற்றோர் ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்கே குடிபோனால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதினாறு தாண்டியவன் மாறினால், எல்லையோரத்தில் வீடும் கிளப்பும் அருகருகே இருந்தால், இந்த மாதிரி. செல்லூரில் தறி ஓட்டுகிறவர் மகனுக்கு இதில் எதுவும் பொருந்தாது. முதல் தடவை பதிவு செய்கிற வெளிநாட்டுப் பையனுக்கும் இதே விதிதான். பெரிய கிளப் என்றால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மைனர்களைச் சேர்த்த விஷயத்தில் பார்சிலோனாவே மாட்டி, 2015-ல் இரண்டு பரிமாற்றக் காலம் ஆள் பதிவு செய்ய முடியாமல் நின்றது.

ஆக, பணம் கட்டி அங்கே போனாலும் அடுத்த ஏழு மாதம் உங்கள் பையனை லீக்கில் பதிவு செய்ய முடியாது. பயிற்சி எடுப்பான், நட்பு ஆட்டம் ஆடுவான், ஃபோட்டோ எடுப்பான். "போனதுமே லீக்கில் இறக்குவேன்" என்று அந்த ஆள் சொன்னது பச்சைப் பொய், இல்லையென்றால் அவருக்கே விதி தெரியாது. இரண்டில் எது என்றாலும் சங்கிலியைக் கொடுக்க வேண்டிய ஆள் இல்லை.

பதினெட்டு ஆனதும் 19-ஆவது விதி விலகும், விசா விலகாது. இந்தியாவுக்கு ஆடிய சுனில் சேத்ரிக்கே 2009-ல் லண்டன் கியூ.பி.ஆர். கிளப் தயாராக இருந்தும், இந்தியா தரவரிசையில் முதல் எழுபதுக்குள் இல்லை என்று வேலை அனுமதி கிடைக்கவில்லை.

இன்னொன்று. பன்னிரண்டு வயதிலிருந்து பையனை வளர்த்த கிளப்புகளுக்கு, அவன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது வெளிநாட்டுக் கிளப் பயிற்சி இழப்பீடு கொடுக்கணும் என்பது விதி. உண்மையிலேயே வேண்டும் என்கிற கிளப் காசு கொடுக்கிற பக்கம்தான் இருக்கும். அதற்காகவாவது ஏ.ஐ.எஃப்.எஃப். (அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பு) பதிவில் அவன் பெயர், பிறந்த தேதி, கிளப் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஒரு தேதி, பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி என்று வந்து நிற்கிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆளிடம் ஃபிஃபா உரிம எண் கேளுங்கள். உரிமம் உள்ளவர்கள் பெயர் ஃபிஃபா தளத்திலேயே இருக்கிறது. உரிமம் இருந்தாலுமே மைனரிடம் நேராகப் பேச முடியாது, முதலில் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். டோர்னமென்ட் கிரவுண்டில் வைத்துப் பையனிடம் பேசினாரா, அப்பாவிடம் பேசினாரா?

கோரிப்பாளையத்தான்:

பையனிடம்தான் முதலில் பேசியிருக்கிறார். வாட்ஸாப் நம்பர் வாங்கியிருக்கிறார். உரிம எண் கேட்டுச் செய்தி போட்டிருக்கிறேன், நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை.

தோஹா வெள்ளிக்கிழமை:

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் எனக்கும் இதே மாதிரி ஓர் அழைப்பு, வேறு நாடு. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். லெட்டர்பேடில் அழைப்புக் கடிதம், கீழே முத்திரை, எல்லாம் இருந்தது. சுற்றுலா விசாவில் போனேன். அங்கே எங்களைப் போல பதினொரு பேர், ஒரே அறையில் மூன்றடுக்குக் கட்டில். கிளப் என்று கூட்டிப்போன இடத்தில் மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்களுக்கு எதிராக ஆடியவர்களும் எங்களைப் போலவே காசு கட்டி வந்தவர்கள் என்பது ஐந்தாவது நாள்தான் தெரிந்தது. நான் ரைட் பேக். எனக்கு எதிரே விங்கில் ஆடிய நேபாளப் பையன்தான் மைதானத்தில் வைத்துச் சொன்னான், இருவரும் நடு ஆட்டத்தில் நின்றுவிட்டோம்.

அப்பா வட்டிக்கு வாங்கிய பணம். இப்போது கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை காலை மட்டும் பந்து.

ஜிகர்தண்டா:

படித்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அண்ணே.

பூட்டு ஊரான்:

திண்டுக்கல்லிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டை விடுங்கள், வெளிமாநிலமே நம் பையன்களுக்கு ஒரு பாடம். நானும் இரண்டு சீசன் கேரளாவில் மலப்புரம் பக்கம் செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஃபுட்பால், ஆடப் போனேன். ராத்திரி மேட்ச், மூங்கில் கேலரி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எதிராளி நம் கடைசி ஆளையும் தாண்டி முன்னால் போய் நின்று பந்து வாங்கக் கூடாது என்கிற ஆஃப்சைடு விதி செவன்ஸில் கிடையாது. ஸ்டாப்பர் பையன் அங்கேயே ஆடிப் பழகினால், ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவான். பதினொரு பேர் ஆட்டத்தில் மற்ற மூன்று பேக்கையும் கூட்டிக்கொண்டு "ஏறு, ஏறு" என்று கத்தி லைனை மேலே தூக்குவது அவனுக்கு மறந்தே போகும். எனக்குப் போய்விட்டது. ஒரு தேர்வில் கோச் கேட்டார், "தம்பி, நீ ஏன் எப்பவுமே எல்லாருக்கும் நாலடி பின்னால் நிற்கிறாய்?" என்று. பதில் தெரியவில்லை.

மலப்புரம் என்றதும் அனஸ் எடத்தொடிகா ஞாபகம் வருகிறார். கொண்டோட்டிக்காரர், ஆட்டோ ஓட்டியவர். ஸ்டாப்பர். 2017-ல் கம்போடியாவுக்கு எதிராக முதல் இந்தியச் சட்டை போட்டபோது அவருக்கு முப்பது வயது. இந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு வயது ஒரு வகையில் கூட்டாளி. முன்னால் ஆடுகிறவனுக்கு வேகம் குறைந்தால் கதை முடிந்தது, ஸ்டாப்பர் கண்ணாலும் வாயாலும் இன்னும் நான்கு வருஷம் ஓட்டுவான். அதனால் பதினேழு வயதில் அவசரம் அந்த ஏஜென்டுக்கு மட்டும்தான்.

தெப்பக்குளம்:

சரி, ஸ்பெயின் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கேயும் ஸ்டாப்பருக்கு இடம் எங்கே இருக்கிறது? கிளப் வெளிநாட்டு ஆள் எடுத்தால் முதலில் கோல் அடிக்கிறவன், அடுத்தது ஸ்டாப்பர். ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள். 2017–18-ல் ஐந்து ஆக்கினார்கள். 2021–22-ல்தான் நான்கு ஆனது. சென்னையின் எஃப்.சி. 2018 ஃபைனலில் பெங்களூரை அவர்கள் ஊரிலேயே 3–2 என்று ஜெயித்ததே, அதில் இரண்டு கோல் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியது. பிரேசில் ஸ்டாப்பர். நம் ஆள் அந்த இடத்தில் நின்றிருந்தால் முட்டியிருக்க மாட்டானா?

பூட்டு ஊரான்:

முட்டினானே. அடுத்த வருஷமே. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி கிளப்புக்குக் கோயம்புத்தூரில் கடைசி ஆட்டம், ஜெயித்தால் ஐ-லீக் கோப்பை. எதிர் டீம் மினர்வா முதலில் கோல் போட்டுவிட்டது, ஸ்டேடியமே கப்சிப். சென்னை சிட்டியின் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் இரண்டு கோல் கௌரவ் போரா. அசாம் பையன், அப்போது இருபது வயது. 3–1. நான் வடகோவையிலிருந்து நடந்தே போய்ப் பார்த்த மேட்ச். அடுத்தடுத்த இரண்டு வருஷம் தமிழ்நாட்டு டீம் கோப்பை வாங்கிய ஆட்டம் இரண்டிலும் பின்னால் நிற்கிறவன்தான் இரண்டு இரண்டு கோல்.

விசில் ஊதுபவன்:

போராவைப் பாதி மிட்ஃபீல்ட் ஆள் என்றும் சொல்வார்கள். சண்டைக்கு வராதீர்கள், சும்மா சொன்னேன்.

பட்டர்வொர்த் பாண்டியன்:

பினாங்கிலிருந்து. தாத்தா உசிலம்பட்டி, அதனால் மதுரை இழை என்றால் எட்டிப் பார்ப்பேன். இங்கே நம் ஆட்கள் ஸ்டாப்பர், பேக் ஆடுவது புதிதில்லை. மலேசிய டீம் குணாலன் முதலில் விங்கில் ஓடிவிட்டு அப்புறம் ரைட் பேக் ஆனவர், நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பிறகு ஜோகூர். ஜோகூர் 2015-ல் ஆசியக் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கப் வாங்கிய டீமில் இருந்தார். அக்கரையில் சிங்கப்பூர் சசிகுமார். 1998-ல் தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதிய டைகர் கப் ஃபைனல், ஹனோயில், வியட்நாமுக்கு எதிராக ஒரே கோல். ஸ்டாப்பர் போட்ட கோல். பந்து பட்டது தோளிலா முதுகிலா என்று எங்கள் சாப்பாட்டுக் கடையில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது.

சொல்ல வந்தது என்னவென்றால், உங்கள் பையன்களுக்கு 'வெளிநாடு' என்றால் ஐரோப்பா மட்டும்தானா? அதைப் பதினெட்டுக்குப் பிறகு பேசலாம். இங்கேயும் கிளப்புகள் சம்பளப் பாக்கி வைப்பதுண்டு, தேன் ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன்.

கட்டுப்போடுகிறவன்:

நான் பிசியோ, மதுரைதான். கோரிப்பாளையத்தாரிடம் ஒரே கேள்வி. பையனுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் வலி இருக்கிறதா? படியேறும்போது, மண்டி போடும்போது?

கோரிப்பாளையத்தான்:

சார், உங்களுக்கு எப்படித் தெரியும்? இடது காலில் இருக்கிறது. மேட்ச் முடிந்ததும் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அம்மாவிடம் சொல்லாதீர்கள் மாமா என்பான்.

கட்டுப்போடுகிறவன்:

மந்திரமில்லை. வளர்கிற வயதில், கட்டாந்தரையில், வாரம் மூன்று மேட்ச் ஆடுகிற நெட்டைப் பையன்களில் பாதிப் பேர் இந்த வலியோடுதான் என்னிடம் வருகிறார்கள். தொடைத் தசைநார் அந்த எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் அடங்கிவிடும், ஆனால் அதற்குள் ஆட்டத்தைக் குறைக்கணும். கையால் தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன், எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பூட் எது? நீள ஸ்டட் வைத்தது என்றால் அது புல்தரைக்கு. நம் செம்மண்ணில் அது இறங்காது, கால் ஸ்டட்டின் மேல் ஊசலாடும், திரும்பும்போது முறுக்கு முழுவதும் முட்டிக்கு ஏறும். சின்னக் குமிழ் நிறைய இருக்கிற டர்ஃப் பூட் வாங்கிக் கொடுங்கள். ஆறரை லட்சத்தில் இரண்டாயிரம் போதும்.

ஸ்டாப்பர் பையன்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஆடுகிறவன் நொண்டினால் கோச் பார்த்துவிடுவார். இவன் நின்ற இடத்திலேயே சமாளித்துவிடுவான்.

ஸ்டாப்பர் நம்பர் 5:

சார் எழுதியதைப் படித்ததும் சத்யன் ஞாபகம். வி.பி. சத்யன், கண்ணூர்ப் பக்கத்து ஆள், இந்தியாவுக்கே கேப்டன். கேரளா போலீஸ், மோகன் பகான், அப்புறம் சென்னை இந்தியன் வங்கி. கடைசிக் காலத்தில் அவரை நேரில் பார்த்திருக்கிறேன், வார்ம்-அப்புக்கே கால் ஒத்துழைக்கவில்லை, ஆனால் பந்து எங்கே விழும் என்பது விழுமுன்பே அவருக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஃபுட்பால் என்றால் வேலை. வங்கி, ரயில்வே, போலீஸ், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை. எனக்கும் ரயில்வே வேலை கொடுத்தது பந்துதான், மாநில கேம்ப் இரண்டு தடவை போய்வந்த கணக்கில். இன்றைக்கு என் வீட்டில் அரிசி வேகிறது என்றால் அதனால்தான். லீக் காசைப் பார்த்து யாரும் அதை இப்போது மதிப்பதில்லை. உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள்: பிளஸ் டூ முடியட்டும், ஃபுட்பால் டீம் ஒழுங்காக நடத்துகிற கல்லூரியில் சேரட்டும், பல்கலைக்கழக டீம், அடுத்து மாநில டீம்கள் மோதுகிற சந்தோஷ் டிராபிக்கான தேர்வு. கூடவே சென்னை கிளப்புகளின் தேர்வு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள், இந்தத் தடவை காய்ச்சல் இல்லாத நாளாகக் கூட்டிப்போங்கள். காரைக்குடி பக்கம் கண்டனூர்ப் பையன் சிவசக்தி பெங்களூருக்கு ஆடி, 2022–23-ல் ஐ.எஸ்.எல். வளரும் வீரர் விருது வாங்கினான். கண்டனூர் இங்கிருந்து இரண்டு மணி நேரம்.

கோரிப்பாளையத்தான்:

மூன்று நாளாக இழையைப் பார்க்க முடியவில்லை, மன்னிக்கணும். நடந்ததைச் சொல்கிறேன்.

19-ஆவது விதியைப் பற்றிய பதிவை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். அசையவில்லை. "விதி எல்லாம் இருக்கத்தான் செய்யும், அவர் பார்த்துக்குவார்" என்றார். தோஹா அண்ணன் எழுதியதைப் படித்தேன். மூன்றடுக்குக் கட்டில் என்ற இடத்தில் தறியை நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்த ஏஜென்ட் உரிம எண் அனுப்பவில்லை, "சீட் நிரம்பிவிட்டது, அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம்" என்று ஒரு செய்தி. அக்காவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், பையனின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டாய் என்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பையனிடம் கேட்டேன், உனக்குப் போக ஆசையா இல்லையா என்று. "லீக்கில் ஆட முடியாது என்று எனக்குத் தெரியும் மாமா, நெட்டில் பார்த்தேன். அப்பா ஆசைப்பட்டார், அதான் சொல்லவில்லை" என்கிறான். என்னத்தைச் சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை அரசரடி ரயில்வே மைதானத்தில் மேட்ச். முதல் தடவை பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு நிமிஷமும் பேசிக்கொண்டே இருக்கிறான். கையைக் காட்டுகிறான், ஏறு என்கிறான், விடு என்கிறான். பந்தைத் தொட்டது முப்பது தடவை இருக்குமா தெரியாது. வீட்டில் பத்து வார்த்தை பேசாத பையன்.

நாளைக்கு எலும்பு டாக்டர். டர்ஃப் பூட் பத்து சைஸ் எங்கே கிடைக்கும்?

ஜிகர்தண்டா:

டவுன்ஹால் ரோட்டில் தேடுங்கள். சாயங்காலம் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் இருக்காது.